எங்கிருந்து அளக்கிறோம்? ஜியோ சயின்டிஸ்ட் தேர்வில் மூன்று முயற்சிகள் கற்றுத்தந்தது

யுபிஎஸ்சி நடத்தும் ஒருங்கிணைந்த ஜியோ சயின்டிஸ்ட் (புவி அறிவியலாளர்) தேர்வின் இறுதிப் பட்டியல் வெளியாகிப் பத்து நாள்கள் ஆகின்றன. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் விஞ்ஞானிப் பணிக்கான வரிசையில், மூன்றாவது முயற்சியில், என் பெயர் இடம்பெற்றிருக்கிறது. முதல் இரண்டு முறை தவறியபோது எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணங்கள் பல. ஆங்கிலத்தில் மட்டுமே விடையெழுத வேண்டிய தேர்வு, பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழிப் படிப்பு, வீட்டில் இந்தத் துறையை அறிந்தவர் எவரும் இல்லை என்பவை அவற்றுள் சில. அவை பொய்யல்ல. ஆயினும் என்னைப் பின்னுக்குத் தள்ளியது அவற்றில் எதுவுமல்ல, ஓர் அளவையை எந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பதை நான் கேட்காமல் விட்டதுதான் என்று இப்போது உறுதியாக நம்புகிறேன். தாள்களையும் மதிப்பெண் பங்கீட்டையும் நீங்கள் அறிவிக்கையிலேயே படித்திருப்பீர்கள் என்பதால், நேராக அந்தத் தவறுக்கே வருகிறேன்.

முதல் முயற்சியின் முதன்மைத் தேர்வில், நீர்நிலவியல் தாளில் கடல்நீர் உட்புகுதல் பற்றிய கணக்கு ஒன்று வந்தது. கடற்கரையை ஒட்டிய ஒரு கிணறு. தரையின் உயரம் சராசரிக் கடல்மட்டத்திற்கு மேல் 6 மீட்டர். கிணற்றில் நீர் தரையிலிருந்து 4.5 மீட்டர் ஆழத்தில் நிற்கிறது. நன்னீரும் உவர்நீரும் சந்திக்கும் எல்லை தரையிலிருந்து எவ்வளவு ஆழத்தில் இருக்கும்? கைபன்–ஹெர்ஸ்பெர்க் விதி எனக்கு மனப்பாடம். கடல்நீரின் அடர்த்தி 1.025, நன்னீரின் அடர்த்தி 1.000, ஆகவே கடல்மட்டத்திற்கு மேல் நிற்கும் ஒவ்வொரு மீட்டர் நன்னீருக்கும் கீழே 40 மீட்டர் நன்னீர் இருக்கும். நான் 4.5ஐ 40ஆல் பெருக்கி 180 மீட்டர் என்று எழுதி, 100 மீட்டர் வரை ஆழ்துளை இறக்கினாலும் ஆபத்தில்லை என்று ஒரு பரிந்துரையையும் அழுத்தமாகச் சேர்த்துவிட்டு வந்தேன்.

சரியான விடை 66 மீட்டர். நீர்மட்டம் கடல்மட்டத்திற்கு மேல் 1.5 மீட்டர்தான் நிற்கிறது. அதன் நாற்பது மடங்கு 60 மீட்டர், அதுவும் கடல்மட்டத்திலிருந்து கீழே. தரையிலிருந்து பார்த்தால் மேலும் 6 மீட்டர். என் பரிந்துரைப்படி ஆழ்துளை இறக்கியிருந்தால் அந்த ஊர் உப்புநீரைத்தான் குடித்திருக்கும். அந்த ஆண்டு நேர்முகத் தேர்வுக்கான அழைப்பை ஒற்றை இலக்க மதிப்பெண்ணில் இழந்தேன்.

இந்தத் தவறு என் கவனக்குறைவால் மட்டும் நிகழ்ந்ததன்று. காங்கேயம் பக்கத்து மேட்டுக்காட்டில் வளர்ந்தவளுக்குத் தண்ணீர் என்றால் மேலிருந்து கீழே எண்ணப்படும் அடிக்கணக்கு. 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்த பிறகு, திருச்செங்கோட்டு ரிக் வண்டியை வரவழைத்து அப்பா போட்ட போர் 1,050 அடி இறங்கியது. எத்தனையாவது அடியில் ஈரப்புழுதி வந்தது, எத்தனையாவது அடியில் தண்ணீர் அடித்தது, கேசிங் பைப் எத்தனை அடி இறங்கியது என்றே எங்கள் வீட்டில் பல மாதங்கள் பேச்சு நடந்தது. தோட்டத்துக் கிணற்றுக்குச் சைடு போர் (கிணற்றின் உட்சுவரில் பக்கவாட்டில் இடும் துளை) போட்டபோதும் கிணற்று மேட்டிலிருந்துதான் கயிறு விட்டு அளந்தார்கள். கடல்மட்டம் என்ற ஒன்று அந்தப் பேச்சில் நுழைய வேண்டிய தேவையே இல்லை. எனக்குள் ஊறிப்போயிருந்த அந்தக் கயிறு, தேர்வறையிலும் தரையிலிருந்தே இறங்கியது.

அதைவிட வருத்தம் தருவது, விடை என் கண்முன் எப்போதும் இருந்தது என்பதே. ஈரோடு சந்திப்பிலும் திருப்பூர் நிலையத்திலும் மஞ்சள் பெயர்ப்பலகையின் அடியில், கடல்மட்டத்திற்கு மேல் எத்தனை மீட்டர் என்று எழுதியிருப்பார்கள். கல்லூரிக் காலம் முழுவதும் அந்தப் பலகைகளைக் கடந்து போய் வந்தேன். கடலே இல்லாத ஊரில் கடலை வைத்து ஏன் அளக்கிறார்கள் என்று ஒரு நாளும் கேட்டுக்கொண்டதில்லை.

இரண்டாம் முயற்சிக்கு ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்தேன். கடலடி நிலவியலில் கேள்விகள் குறைவு, மேற்கு மாவட்டத்துப் பிள்ளைகள் கடின பாறையில் கவனம் செலுத்தினால் போதும் என்று அங்கே சொன்னார்கள். என் மனத்துக்கும் அது இதமாக இருந்ததால் ஏற்றுக்கொண்டேன். அது தவறான அறிவுரை. மதிப்பெண் கணக்கை விடுங்கள். கரையோரம், நிலத்தடி நீர், கடல்தளம் ஆகிய மூன்றையும் தனித்தனிப் பாடமாக வைத்துப் படித்தால் மூன்றுமே பிடிபடுவதில்லை என்பதே என் அனுபவம். இரண்டாம் தோல்விக்குப் பிறகு நான் செய்த மாற்றம் ஒன்றுதான். எந்த எண்ணைக் கண்டாலும், அது எந்த ஆதார மட்டத்திலிருந்து, அதாவது எதைச் சுழியாக வைத்து, அளக்கப்பட்டது என்பதை ஓரத்தில் எழுதாமல் அடுத்த வரிக்குப் போவதில்லை என்று முடிவு செய்தேன்.

நிலத்தடி நீரிலிருந்து தொடங்கினேன். எங்கள் மேல்காட்டுக் கிணற்று மேடு கடல்மட்டத்திற்கு மேல் 312 மீட்டர், நீர் 9 மீட்டர் ஆழத்தில். கீழ்காட்டுக் கிணற்று மேடு 300 மீட்டர், நீர் 6 மீட்டர் ஆழத்தில். ஆழத்தை மட்டும் பார்ப்பவர், மேல்காட்டில்தான் தண்ணீர் தாழ்ந்து கிடக்கிறது என்பார். உயரத்தைக் கழித்துப் பார்த்தால் மேல்காட்டு நீர்மட்டம் 303, கீழ்காட்டு நீர்மட்டம் 294. நீர் மேல்காட்டிலிருந்து கீழ்காட்டுக்குத்தான் நகர்கிறது. நிலத்தடி நீரின் ஓட்டம் நீர்மட்ட வேறுபாட்டைப் பொறுத்தது என்று 1856இல் டார்சி வெளியிட்ட விதியை நான் உண்மையில் புரிந்துகொண்டது, எங்கள் இரண்டு கிணறுகளையும் ஒரே தாளில் குறுக்குவெட்டாக வரைந்த அந்த மாலையில்தான். கிணற்றில் நீரிறைத்துச் சோதித்த அளவுகளை ஆராயும் தைஸ் (1935), கூப்பர்–ஜேக்கப் (1946) முறைகளுக்கு நீங்கள் எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் சரி, முன்னதற்கு இருமடக்கைத் தாளிலும் பின்னதற்கு அரைமடக்கைத் தாளிலும் கையால் புள்ளி வைத்துப் பழகுங்கள். வேறு குறுக்குவழி எனக்குத் தெரியவில்லை.

ஸ்பெசிபிக் யீல்டைப் பற்றியும், அதாவது நீர் நிறைந்த பாறையிலோ மணலிலோ இருந்து தானாக வடியும் நீரின் பங்கைப் பற்றியும், ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பகுதியின் சிதைந்த நைஸ் பாறையில் அதைச் சுமார் 2 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், 10 மில்லிமீட்டர் நீர் உள்ளே இறங்கினாலே நீர்மட்டம் அரை மீட்டர் ஏறிவிடும். 16 விழுக்காடு கொண்ட ஆற்று மணலில் அதே நீர் ஆறு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாகத்தான் ஏற்றும். ஐப்பசியில் ஒரே மழைக்குக் கிணறு பொங்குவதும், தைக்குள் அடி தெரிவதும் இந்தக் கணக்கினால்தான். இதை எழுதிவிட்டுக் கடலோர மணற்படுகைக்குப் போனால் விடைக்குத் தானாகவே ஆழம் கிடைக்கும். அங்கே நீர்மட்டம் மெல்லத்தான் இறங்கும். ஆனால் ஒரு மீட்டர் இறங்கினால் உவர்நீர் எல்லை கீழிருந்து நாற்பது மீட்டர் ஏறி வரும். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் அளவுக்கு மீறி நீரிறைத்ததால் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்ததற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் இல்லை. கைபன்–ஹெர்ஸ்பெர்க் விதி நீர் நகராமல் நிற்பதாகக் கருதுகிறது என்பதையும், அதன்படி கரையில் நன்னீரின் தடிப்பு சுழியாகிவிடுவதால் நீர் கடலுக்குள் வெளியேற வழியே இருக்காது என்பதையும், ஹப்பர்ட் 1940இல் அதைத் திருத்தினார் என்பதையும் மூன்று வரியில் சேர்த்துவிடுங்கள். நன்னீர் கடலடியிலேயே கசிந்து வெளியேறுகிறது என்ற செய்தி நிலத்தடி நீரையும் கடல்தளத்தையும் இணைக்கும் கண்ணி.

கரையோரத்தைப் புத்தகத்தில் மட்டும் படிக்க என்னால் இயலவில்லை. பத்து வயதில் பள்ளிச் சுற்றுலாவில் ராமேசுவரத்தில் கடலைப் பார்த்ததோடு சரி. அதனால் ஒரு வார இறுதியில் சென்னைக்குப் போய், மெரினாவிலிருந்து துறைமுகத்தைத் தாண்டி வடக்கே எண்ணூர்ச் சாலை வரை சென்று பார்த்தேன். கிழக்குக் கரையில் மணலின் நிகர ஓட்டம் தெற்கிலிருந்து வடக்கே. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர் குறுக்கே வந்ததும், தெற்கே மணல் தேங்கி மெரினா அகன்றது. வடக்கே மணல் வரத்து நின்று கரை அரிக்கப்பட்டது. ஒரு பக்கம் நடந்து களைக்கும் மணல்வெளியும், மறுபக்கம் கற்சுவரில் மோதும் அலையும் ஒரே சுவரின் இரு விளைவுகள் என்பதை நேரில் பார்த்த பிறகு, கரையோர மணலோட்டம் பற்றிய எந்தக் கேள்விக்கும் நான் தயங்கியதில்லை.

ஆதார மட்டம் இங்கேயும் பிடித்து உலுக்கும். செயற்கைக்கோள் படத்தில் தெரிவது படமெடுத்த நொடியின் நீர்க்கோடுதான். கடலின் அன்றாட ஏற்ற இறக்கத்தில் (ஓதத்தில்) நீர் உச்சமாக ஏறும் உயர் ஓதக் கோடு அன்று. 50க்கு 1 என்ற சரிவுள்ள கடற்கரையில், ஓதம் ஒரு மீட்டர் வேறுபட்டால் நீர்க்கோடு 50 மீட்டர் நகர்ந்துவிடும். இரண்டு படங்களை ஒப்பிட்டு ‘50 மீட்டர் அரிப்பு’ என்று எழுதுமுன், இரண்டும் எந்த ஓத நிலையில், எந்தப் பருவத்தில் எடுக்கப்பட்டவை என்று கேட்க வேண்டும். சென்னையிலுள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையிலான படங்களைக் கொண்டு, இந்தியப் பெருநிலக் கரையில் 33.6 விழுக்காடு அரிப்புக்கு உள்ளாகியிருப்பதாகக் கணித்தது. அந்த எண்ணை எழுதும்போது காலப்பகுதியையும் சேர்த்து எழுதினால்தான் அதற்குப் பொருள். இந்தியக் கடற்கரையின் நீளம் 7,516 கிலோமீட்டரிலிருந்து 11,098 ஆக உயர்ந்ததும் நிலம் வளர்ந்ததால் அன்று; பெரிய அளவுத்திட்ட வரைபடத்தில் நெளிவுகளையும் சேர்த்து அளந்ததால்.

கடல்தளத்தில் நான் விரும்பிப் படித்தது எதிரொலி ஆழமானி. ஒலி போய்வர 4 விநாடி, வேகம் விநாடிக்கு 1,500 மீட்டர் என்றால் ஆழம் 3,000 மீட்டர். பாதியாக வகுக்க மறப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வேகத்தில் 1 விழுக்காடு பிழை நேர்ந்தாலே 30 மீட்டர் போய்விடும் என்பதால், வெப்பத்தையும் உப்புத்தன்மையையும் கொண்டு ஒலிவேகத்தைத் திருத்துகிறார்கள். கருவி கப்பலின் அடியில், நீர்ப்பரப்புக்குச் சில மீட்டர் கீழே இருக்கிறது. அதையும் கூட்ட வேண்டும். ஓதத்தைக் கழிக்க வேண்டும். கப்பல் வரைபடங்களில் ஆழம் தாழ்ந்த ஓத மட்டத்திலிருந்தும், நில வரைபடங்களில் உயரம் சராசரிக் கடல்மட்டத்திலிருந்தும் குறிக்கப்படுவதால், இரண்டையும் கரையில் ஒட்டினால் படிக்கட்டு போல ஒரு பொய்யான வெட்டு தோன்றும். கடல்தளத்தின் காந்தப் பட்டைகளை விளக்கிய வைன்–மேத்யூஸ் கருதுகோள் (1963), வங்காள விசிறிப் படிவு, மத்திய இந்தியப் பெருங்கடல் வடிநிலத்தில் இந்தியாவுக்கு ஒதுக்கப்பட்ட 75,000 சதுர கிலோமீட்டரிலுள்ள மாங்கனீசு முடிச்சுகள் ஆகியவற்றை ஒரு பக்கக் குறிப்பாக வைத்துக்கொண்டால் போதும்.

என் அணுகுமுறை பிடிவாதமானது. ஒன்றைப் பிடித்தால் அதையே பிடித்துக்கொள்வேன். வேகமாகப் பல நூல்களைப் புரட்டும் இயல்புடையவருக்கு இது சலிப்பாக இருக்கலாம். இருந்தாலும் என் சுவரில் ஒட்டியிருந்தவற்றை அப்படியே தருகிறேன்.

– கணக்கைத் தொடங்குமுன் குறுக்குவெட்டு வரைந்து, அதில் கடல்மட்டக் கோட்டை முதலில் போட வேண்டும்.
– அடி என்ற அலகை வீட்டோடு விட்டுவிட வேண்டும்.
– முதனிலைத் தேர்வில் தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு போகும்; அந்த மதிப்பெண் இறுதித் தரவரிசையிலும் சேர்கிறது என்பதால் தேர்ச்சியோடு நிறைவடையக் கூடாது.
– பொதுப்பாடத்திற்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் நான் கொடுக்கவில்லை.

கடைசியாக, நேர்முகத் தேர்வு. விண்ணப்பத்தில் என் ஊரைப் பார்த்ததும் கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் தளம் போடலாமா என்று கேட்டார்கள். கசிவு நின்றால் கடைமடைக்கு நீர் சேரும் என்போரும், அந்தக் கசிவில்தான் எங்கள் கிணறுகள் ஊறுகின்றன என்போரும் எங்கள் பகுதியிலேயே இருக்கிறார்கள். பெருந்துறைப் பக்கம் என் அப்பிச்சியின் (அம்மாவின் அப்பா) தோட்டம் வாய்க்காலுக்குக் கீழே இருப்பதால், கசிவுநீர் வீணாவதில்லை, இடம் மாறுகிறது என்றும், எந்தப் பகுதியில் எவ்வளவு மாறுகிறது என்பதை வாய்க்கால் மட்டத்தையும் கிணற்று நீர்மட்டத்தையும் ஒரே ஆதார மட்டத்துக்குக் கொண்டுவந்த பிறகே சொல்ல முடியும் என்றும் கூறினேன். உடனே ஒருவர், கடல்மட்டமே நிலையானதா என்று கேட்டார். இந்தக் கேள்விக்காகவே மூன்று ஆண்டுகள் படித்ததாக எனக்குத் தோன்றியது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றையதைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்ததையும், கடல்மட்டத்தை அளக்கும் ஓதமானி நிலத்தில் ஊன்றப்பட்டிருப்பதால் கடல் ஏறுகிறதா நிலம் இறங்குகிறதா என்பதை அதனால் மட்டும் பிரித்தறிய முடியாததையும், இந்தியாவுக்குத் தெற்கே புவியீர்ப்புக் குறைவால் கடற்பரப்பு, பூமியின் வடிவாகக் கணிதத்தில் கொள்ளப்படும் நீள்கோள மட்டத்துக்கு நூறு மீட்டருக்கும் கீழே தாழ்ந்திருப்பதையும் நிதானமாக எடுத்துச் சொன்னேன்.

பணி ஆணை இன்னும் வரவில்லை. காத்திருக்கும் நாள்களில் எங்கள் இரண்டு கிணற்று மேடுகளிலும் வெள்ளைப் பெயின்டால் 312, 300 என்று எழுதி வைத்திருக்கிறேன். வாரியம் ஆண்டுக்கு நான்கு முறை, கோடையிலும் ஆகஸ்டிலும் நவம்பரிலும் ஜனவரியிலும், தன் கண்காணிப்புக் கிணறுகளை அளக்கிறது. அதே மாதங்களில் நாடாவை இறக்கி, ஆழத்தைக் கழித்து, மீதியை நாள்காட்டியில் குறித்துவைக்க அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.