பெருச்சாளி ஆத்தா: இதுவரை ஆன வேலை

மாசி

இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாத் தோட்டப் பக்கம் நாங்கள் எடுக்கிற பயங்கரக் குறும்படம்தான் ‘பெருச்சாளி ஆத்தா’. முதலில் அதற்கு வித்தான கதை. கில்லர்மோ டெல் டோரோ வழங்கிய ‘கேபினட் ஒஃப் கியூரியோசிட்டீஸ்’ 2022 அக்டோபரில் நெட்ஃப்ளிக்ஸில் வந்தது. 8 அத்தியாயம், 8 கதை, 8 இயக்குநர். ஒன்றுக்கும் மற்றதுக்கும் உறவில்லை. அதில் இரண்டாவது ‘கிரேவ்யார்ட் ரட்ஸ்’. ஹென்றி கட்னர் 1936இல் எழுதிய சிறுகதையை வின்சென்சோ நடாலி எடுத்திருக்கிறார். அமெரிக்காவில் சேலம் ஊர் மயானத்தில் பிணங்களைத் தோண்டி, தங்கப் பல்லும் நகையும் பிடுங்கி விற்கிற மேசன் என்ற ஆளின் கதை. இவன் தோண்டிப் பார்க்கும்போது எலிகள் முந்திக்கொண்டு பெட்டியைக் குடைந்து பிணத்தையே இழுத்துப் போயிருக்கும். கடன் கழுத்தை நெரிக்கிறது. ஒடுக்கமான இடம் என்றாலே மூச்சடைக்கிற மனுசன், வேறு வழியில்லாமல் எலி வளைக்குள் இறங்குகிறான். உள்ளே ஒரு ராட்சத எலி. அதைவிட மோசமான இன்னொன்றும் இருக்கிறது, அதைச் சொல்லிக் கெடுக்க மாட்டேன்.

இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் கவனித்தேன். மேசனாக வரும் டேவிட் ஹியூலெட் வாய் ஓயாமல் பேசுகிறார், கெஞ்சுகிறார், ஏசுகிறார், தவழ்கிறார். எலி அதுபாட்டுக்கு எலி வேலையைப் பார்க்கிறது. ஒரு இடத்திலும் சிரிப்புக் காட்டவில்லை. சிரிப்பு மொத்தமும் ஆளின் தலையில். எங்கள் குறும்படத்துக்கு நான் போட்ட ஒரே சட்டம் அதுதான்: பூதம் பகிடி விடக்கூடாது.

சரி, இதை மஸ்கெலியாப் பக்கம் எடுத்தால் தோண்டுகிறவனுக்கு என்ன கிடைக்கும்? நம் மலையகத் தமிழர் இந்த மலைகளுக்கு வந்து 2023இல் 200 வருசம் ஆனது. செத்தவர்களைத் தேயிலைக்கு அடியில் புதைத்துவிட்டு அடுத்த நாள் காலை வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக்குப் போன சனம். தங்கப் பல்லாவது ஒண்ணாவது! ஒரு பாக்குவெட்டி அகப்பட்டால் பெரிய விசயம். ஆனால் செத்தவர் பெயரில் வேறொன்று இருக்கும்: ஈ.பி.எஃப். காசு, அதாவது ஊழியர் சேமலாப நிதி. 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி தொழிலாளி சம்பளத்தில் 8 வீதம், தோட்டம் போடவேண்டியது 12 வீதம். பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொன்று, தோட்டத்துச் சம்பளப் பதிவேடான செக்ரோலில் மூன்றாவது என்று கிடப்பதால் அந்தக் காசை எடுப்பதற்குள் குடும்பம் படுகிற பாடு இங்கே எல்லாருக்கும் தெரியும். அப்படிப்பட்ட இடத்தில் ‘நான் ஃபோம் நிரப்பித் தாறேன்’ என்று ஒருத்தர் வந்து நிற்பார். அந்தத் தரகர்தான் நம் மேசன்.

தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டி செத்துப்போன ஒருத்தரின் அடையாள அட்டையைத் தேடி, தரகர் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு அடியிலுள்ள வளைக்குள் இறங்குகிறார். அங்கே காலங்காலமாக லயத்தில் காணாமல்போன காகிதங்களை எல்லாம் மெத்தையாக்கிப் படுத்திருக்கிறாள் பெருச்சாளி ஆத்தா. அவள் அவரைத் தின்கிறாள், பாதியில் போதும் என்று நிறுத்திவிடுகிறாள். இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லாத தரகர், பக்கத்தில் கிடக்கும் பழைய செக்ரோலில் தன் பெயருக்கு நேரே அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம், விழுந்திருப்பதைப் பார்த்து, ‘இது அநியாயம், முழுப் பேர் போடுங்க’ என்று ஆத்தாவிடம் வழக்காடுகிறார். படம் அதோடு முடிகிறது.

ஓட்டோ ஓட்டும் மச்சானுக்கு ஆத்தாவே வாய் திறந்து ‘அரைப் பேர்’ என்று சொல்ல வேண்டுமாம். கைதட்டல் அள்ளும் என்கிறான். அள்ளும்தான். ஆனால் எலி பேசிய நிமிசமே அது கார்ட்டூன். இந்தச் சண்டை இன்னும் முடியவில்லை.

பங்குனி

ஆற்றோரத்துக் களிமண்ணில் மண்டை வனைந்தேன். முதல் மண்டைக்குக் கண் பெரிசாக வைத்திருந்தேன். லயத்துப் பொடியன்கள் பார்த்துவிட்டு அதற்கு முத்தம் கொடுத்தார்கள். அப்பாயி வேறு, “ஏன்டா, புள்ளையாரு ஏறுற வாகனத்தப் போயி இப்புடிச் செய்றியே, வெளங்குமா?” என்று ஆரம்பித்துவிட்டது. சாமி ஞாபகம் வந்தால் பயம் எங்கே வரும்? மண்டையை உடைத்து மண்ணைத் திரும்பக் குழைத்தேன்.

பிறகு வழி காட்டியது லயத்துக்குப் பின்னால் கழிவுநீர்க் கானில் செத்துக் கிடந்த ஒரு நிசப் பெருச்சாளி. எலிக்காய்ச்சல் உள்ள ஊர் என்பதால் கையில் உறை போட்டுக்கொண்டு, குச்சியால் வாயை விரித்துப் பார்த்தேன். முன்பற்கள் வெள்ளையே இல்லை, நல்ல செம்மஞ்சள். எனாமலில் இரும்புச் சத்து சேர்வதால் அந்த நிறம். மேலுதடு நடுவில் பிளந்திருந்தது. என்னை உலுக்கியது அதற்குப் பின்னால் இருந்த விசயம்: பற்களுக்குப் பின்னே உதடு உள்வாங்கி ஒட்டி மூடிக்கொள்கிறது. வாய் மூடியிருக்கும், பல் வெளியே நிற்கும். மண் வாய்க்குள் போகாமல் பல்லால் மண்ணைக் குடைவதற்கு அப்படி ஓர் அமைப்பு. அந்த மடிப்பை இரண்டாம் மண்டையில் அப்படியே வைத்தேன். கண்ணை மிளகு அளவுக்குச் சுருக்கினேன். மறுநாள் ஒரு பொடியனும் கிட்ட வரவில்லை.

மண் மண்டைமேல் பிளாஸ்டர் ஒப் பாரிஸ் அச்சு. தண்ணீரில் தூளைத் தூவிக்கொண்டே போக வேண்டும். தூள் அமிழாமல் மேலே சின்னச் சின்னத் தீவுகளாக நிற்கத் தொடங்கினால் அளவு சரி. தூளில் தண்ணீரை ஊற்றினால் கட்டி விழும். முதல் பூச்சைத் தூரிகையால் மெல்லியதாகத் தடவி, காற்றுக் குமிழி இல்லாமல் பார்த்துக்கொண்டால் மீதியைக் கையாலேயே அப்பலாம். பலத்துக்குத் தேங்காய்த் தும்பைப் பிளாஸ்டரில் தோய்த்து வெளிப்புறம் ஒட்டினேன். இறுகும்போது அச்சு சூடாகும், பயப்பட வேண்டாம்.

வைகாசி, ஆனி

இந்த இரண்டு மாதமும் ரப்பர் பாலுக்கும் மழைக்கும் நடந்த மல்யுத்தம். ஆத்தாவின் தோல் ரப்பர் பாலில்தான் வரவேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். மலைக்கு மேலே ரப்பர் கிடையாது. கினிகத்தேனை, கித்துல்கலை தாண்டி யட்டியாந்தோட்டைப் பக்கம் இறங்கினால் கிடைக்கும். மச்சான்தான் ஹயர் போன சாட்டில் ஒரு கேனில் வாங்கி வந்தான். உறையாமலிருக்க அமோனியா கலந்த பால். மூடியைத் திறந்ததும் அம்மா முன் திண்ணையான இஸ்தோப்பிலிருந்து எழுந்து போனவர், பொழுது சாயும்வரை திரும்பவில்லை.

முகமூடி செய்கிறவர்கள் பாவிப்பது 60 வீதம் ரப்பர் உள்ள கடைந்த பால். மரத்திலிருந்து வருவதில் அதில் பாதிதான் இருக்கும். அதனால் தோல் தடிப்பாக வரப் பல பூச்சு தேவை. வேலையின் சூட்சுமம் எளிது. காய்ந்த பிளாஸ்டர் அச்சுக்குள் பாலை ஊற்றினால் அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், சுவரோடு ஒட்டி ரப்பர் படியும். அரை மணி நேரம் விட்டு மீதிப் பாலைக் கேனிலேயே திரும்ப ஊற்றிவிடலாம். படிந்த தோல் பால்வெள்ளையிலிருந்து தேன் நிறத்துக்கு மாறினால் காய்ந்துவிட்டது. புளிப்பு எதுவும் கிட்ட வரக்கூடாது, பால் திரிந்து கட்டியாகிவிடும்.

இதெல்லாம் காய்கிற ஊரில் சரி. தென்மேல் பருவமழை இறங்கிய பிறகு மஸ்கெலியாவில் உடுத்தின துணியே காயாது. அச்சு உறிஞ்சின தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் அதிலேயே நின்றது. கடைசியில் அச்சை அடுப்புக்கு மேலே, கவ்வாத்தில் வெட்டிய தேயிலைக் குச்சியான மிலாறைக் காயப்போடும் பரணில் ஏற்றினோம். கவ்வாத்து மிலாறு எரிகிற புகையில் தோல் மெதுவாக நிறம் மாறியது. கழற்றுமுன் உட்புறம் குழந்தைப் பவுடர் தூவ வேண்டும்; இல்லாவிட்டால் ரப்பர் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும், பிரிக்க வராது. உரித்தெடுத்தபோது அந்த உதட்டு மடிப்பு ஒரு சுருக்கம் பிசகாமல் வந்திருந்தது. அன்றைக்குக் கொஞ்சம் சத்தமாகவே கத்திவிட்டேன். புகையால் தோலில் ஏறிய அழுக்கு நிறத்தை எந்தப் பெயின்டாலும் கொண்டுவந்திருக்க முடியாது.

பல் மூங்கிலில். பிளந்து, வளைவாகச் சீவி, கொதிக்கிற கடும் தேயிலைச் சாயத்தில் ஊறப்போட்டேன். வந்த நிறம் பழுப்பு. செத்த பெருச்சாளியில் பார்த்த செம்மஞ்சளுக்காகக் கொஞ்சம் மஞ்சள் தூள் சேர்க்க வேண்டியிருந்தது. தோட்டத்துத் தூளில் ஊறிய பல் என்பதில் எனக்கு ஒரு தனித் திருப்தி. மீசைக்கு ஈர்க்கு. உடம்புக்குத் தும்பு ஒட்டிப் பார்த்தால் தும்புத்தடிக்குக் கண் வைத்த மாதிரி இருந்தது. ஆகவே பிடரியில் மட்டும் திட்டுத் திட்டாக ஒட்டி, மற்ற இடத்தைச் சொறி பிடித்த மொட்டைத் தோலாக விட்டேன். கிழவிக்கு அதுதான் பொருத்தம்.

எச்சிலுக்கு ஜவ்வரிசிக் கஞ்சி. நன்றாகக் கொதிக்கவைத்து, வடித்து, ஆறவிட்டால் தாடையிலிருந்து இழை இழையாகத் தொங்கும், விளக்கு வெளிச்சத்தில் பளபளக்கும். ஒத்திகை முடிந்து துடைக்காமல் வைத்த ஓர் இரவில் கூரையிலிருந்து எலிகள் இறங்கிக் கஞ்சியோடு சேர்த்து ஆத்தாவின் இடது காதையும் தின்றுவிட்டன. ஒட்டுப்போட நினைத்தேன். பார்த்தால் அந்தக் கடி என் கத்தியை விட அழகாக வேலை செய்திருந்தது. அப்படியே விட்டுவிட்டேன்.

ஆடி

தாடை அசைய சைக்கிள் பிரேக் கேபிள். கீழ்த்தாடைக்கு ஒரு கீல், உள்ளே ஒரு ஸ்பிரிங். லீவரைப் பிடித்தால் வாய் திறக்கும், விட்டால் ஸ்பிரிங் மூடும். திறக்கிற வேகம் கையில் இருப்பதுதான் இதில் விசேசம். சடாரென்று திறந்தால் பொம்மை. மெதுவாகத் திறந்து, கொஞ்சம் நிறுத்தி, பிறகு இன்னும் கொஞ்சம் திறந்தால் வயிற்றைக் கலக்கும். மோட்டர் போடலாம் என்றார்கள். எச்பிஓவில் 1989 முதல் 1996 வரை ஓடிய ‘டேல்ஸ் ஃப்ரம் த கிரிப்ட்’ தொடரை நடத்திய அந்த அழுகல் கிழவனே கெவின் யாகர் செய்த பொம்மைதான், ஆட்கள் சேர்ந்து இயக்கியதுதான். நமக்குக் கை போதும்.

சுரங்கம், தோட்டத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளக் கட்டி இப்போது பாவனையில் இல்லாத பிள்ளைக் காம்பராவில். மூங்கில் வளையங்கள், மேலே பழைய கொழுந்துச் சாக்கு, அதன்மேல் சேறு. ஒரு பக்கம் திறந்திருக்கும், கேமரா அங்கே. மொத்த நீளம் ஒரு கட்டில் அளவுதான். தரகர் அதே துண்டில் திரும்பத் திரும்பத் தவழ்வார், ஒவ்வொரு தடவைக்கும் ஒரு வேரையோ கல்லையோ இடம் மாற்றினால் நீண்ட வளை. வெளிச்சம் அவர் கையிலுள்ள டோர்ச் மட்டும். போன் கேமராவில் வெளிச்ச அளவைப் பூட்டி வைக்காவிட்டால் அதுவாகவே இருட்டை வெளுப்பாக்கிவிடும். ஆத்தா முழுசாகத் தெரிந்துவிடுவாள். மூக்கும் பல்லும் கடித்த காதும் தெரிந்தால் போதும், மீதிக்கு இருட்டு.

தரகராக நடிப்பது மாமா. ஊரில் காமன் கூத்தில் மன்மதனாக ஆடி எரிந்தவர். சேற்றைப் பார்த்ததும், “மருமவனே, செவன் நெத்திக்கண்ணத் தொறந்தப்பவே நிமுந்து நின்னு எரிஞ்சவன் நானு. என்னயப் போயி வளைக்குள்ள ஊரச் சொல்றியே” என்றார். அந்த மிடுக்கை விடாதீங்க மாமா, அதோடேயே ஊருங்க என்றேன். சட்டைப் பையில் மூன்று பேனா, கக்கத்தில் ஃபைல், தலைமுடி கலையாமல் சேற்றில் தவழ்கிறார். ஆத்தா வாயைத் திறந்ததும் ஃபைலை நீட்டி, “கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்” என்கிறார். அந்த வசனம் எழுத்தில் கிடையாது, அவராக விட்டது. லீவர் பிடித்திருந்த என் கை சிரிப்பில் நடுங்கி ஆத்தாவின் வாய் இரண்டு தடவை படபடத்தது. அந்த ஷொட் வீண். எலி சிரிக்கக் கூடாதே.

சத்தம் பதிவது சுலபமாக முடிந்தது. எலும்பு முறிய நுவரெலியா லீக்ஸை முறுக்கினோம், சதை கடிக்க பச்சைக் கரட். கிறீச்சொலிக்கு ஈரக் கையால் பலூனைத் தேய்த்தால் சரி.

டெல் டோரோ ஒவ்வொரு கதைக்கும் முன்னால் வந்து ஓர் அலமாரியைத் திறந்து, இயக்குநரின் சிறு உருவத்தை எடுத்து வைப்பார். நமக்கு அலமாரி அப்பாயியின் வெற்றிலைப் பெட்டி. கிழட்டுத் தேயிலை மரத்தின் வேரில் விரல் அளவு தரகர் ஒன்றைச் செதுக்கிக் கொடுத்திருக்கிறேன். அப்பாயி பெட்டியைத் திறந்து, வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்போடு அதையும் எடுத்து வைத்து, “இவன் யாருன்னு தெரியல. ஆனா ஃபோம் கொண்டாந்தான்” என்று சொல்ல வேண்டும். சொல்லும்போதெல்லாம் புள்ளையார் கதைக்குப் போய்விடுகிறது. விட்டால் அதுவே நல்ல தொடக்கமாக இருக்குமோ என்றும் யோசிக்கிறேன்.

இப்போது

மண்டை, தோல், தாடை, சுரங்கம் தயார். பாதி உடம்புத் தரகருக்கு மாமாவை இடுப்புவரை தரைக்குள் இறக்க வேண்டும். பிள்ளைக் காம்பராவின் பலகைத் தரையில் இரண்டு பலகையைக் கழற்றத் தோட்டத்தில் கேட்டிருக்கிறோம், பதில் வரவில்லை. வராவிட்டால் கட்டிலில் துவாரம் வெட்டி மேலே சேறு பரப்புவோம். வால் இன்னும் இல்லை. தண்ணீர்க் குழாயில் கயிறு கோத்து ரப்பர் பால் பூசலாம் என்று எண்ணம், அதற்கு இரண்டு வெயில் நாள் கிடைக்க வேண்டும். மச்சான் நேற்றும் வந்து, ஆத்தா ஒரே ஒரு வார்த்தை பேசினால் என்னடா குறைந்துபோகும் என்று கேட்டான். மாமாவின் ‘முழுப் பேர் போடுங்க’வை எடுத்து முடித்ததும் போட்டுக் காட்டுகிறேன், அதற்குப் பிறகு கேள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.