மொட்டை மாடிக்குக் கீழே ஒரு கேமிங் பிசி

எங்கள் வீடு சென்னை கொளத்தூரில், மூன்றாவது மாடி. தலைக்கு மேலே மொட்டை மாடிதான். மே மாதம் மதியம் மூன்று மணிக்கு ஏசி போடாமல் இருந்தால், என் அறைக் கடிகாரத்தில் இருக்கும் தெர்மாமீட்டர் 36 காட்டும். இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. 2025 மே மாதம் நானும் அக்கா மகனும் சேர்ந்து ஒரு கேமிங் பிசி அசெம்பிள் செய்தோம். அதில் பாதிப் பாகங்களைத் தேர்ந்தெடுத்தது அந்த 36 டிகிரிதான்.

அவன் அப்போதுதான் பிளஸ் டூ முடித்திருந்தான். பட்ஜெட் ஒன்றரை லட்சம், மானிட்டர் தனி. ஒரு நோட்டில் லிஸ்ட் எழுதிக்கொண்டு வந்தான். ரைசன் 7 9800எக்ஸ்3டி பிராசஸர், எக்ஸ்870 மதர்போர்டு, பிராசஸரைக் குளிர்விக்கத் திரை வைத்த 360 எம்எம் லிக்விட் கூலர், மூன்று பக்கமும் கண்ணாடி போட்ட கேபினட். கூட்டிப் பார்த்தால் அந்த நான்குக்கே ஒரு லட்சத்து இரண்டாயிரம். ரேமுக்கும் எஸ்எஸ்டிக்கும் 22,000 ஒதுக்கினால், கிராபிக்ஸ் கார்டுக்கும், எல்லாப் பாகத்துக்கும் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் சேர்த்து மிஞ்சுவது 26,000.

"டேய், திரையில படம் வரையறது கார்டு. அதுக்கு மிச்சம் மீதியைக் கொடுத்தா எப்படி?" என்றேன்.

"பிராசஸர் நல்லதா இருக்கணும்ல மாமா?"

அவன் கேட்டதில் தப்பில்லை. கடைக்குப் போகிற பலரும் பிராசஸரில்தான் ஆரம்பிக்கிறார்கள். நான் மானிட்டரில் ஆரம்பிக்கச் சொல்வேன். 4கே திரையில் ஏறக்குறைய 83 லட்சம் புள்ளிகள், 1440பி திரையில் 37 லட்சம். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும், அதாவது திரையில் மாறி மாறி வரும் ஒவ்வொரு படத்துக்கும், கார்டு அத்தனையையும் வரைந்தாக வேண்டும். 27 இன்ச்சில், மேசையிலிருந்து இரண்டடி தள்ளி உட்கார்ந்து பார்க்கிறவனுக்கு 1440பி தாராளம். நொடிக்கு 180 தடவை படம் மாறும் (180 ஹெர்ட்ஸ்) ஐபிஎஸ் மானிட்டர் 20,000-க்குக் கிடைத்தது. 4கே வேண்டாம் என்று முடிவானதும் மற்ற முடிவுகள் தானாக வரிசைக்கு வந்தன.

1440பி-யில் செட்டிங்ஸ் எல்லாவற்றையும் ஏற்றி வைத்து ஆடினால் பெரும்பாலான கேம்களில் மூச்சு வாங்குவது கார்டுதான். பிராசஸர் தன் வேலையை முடித்துவிட்டுக் காத்திருக்கும். வேலோரண்ட் மாதிரிப் போட்டி கேம் ஆடி நொடிக்கு முந்நூறு, நானூறு ஃப்ரேம் தேடுகிறவர்களுக்கு அவன் எழுதிய எக்ஸ்3டி பிராசஸர் உண்மையிலேயே உதவும். பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான மெமரியான எல்3 கேஷ் அதில் 96 எம்பி, நாங்கள் வாங்கிய ரைசன் 5 7600-இல் 32 எம்பிதான். ஆனால் இவன் ஆடுவது பெரும்பாலும் கதை உள்ள கேம்கள். 7600-க்கு 17,500 கொடுத்தோம். பிராசஸரில் மட்டும் 28,000-க்கு மேல் மிச்சம். போர்டு சாதாரண பி650, 14,500. பிராசஸர் உட்காரும் இடம் ஏஎம்5 சாக்கெட் என்பதால் பின்னால் ஒரு எக்ஸ்3டி வாங்கினாலும் போர்டின் அடிப்படை சாஃப்ட்வேரான பயாஸை அப்டேட் செய்துவிட்டு இதே போர்டில் உட்கார வைக்கலாம்.

மிச்சம் பிடித்ததெல்லாம் ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி கிராபிக்ஸ் கார்டுக்குப் போனது, 69,000. ஆர்டிஎக்ஸ் 5070 அப்போது அதைவிடக் கொஞ்சம் மலிவுதான், ஆனால் கார்டின் சொந்த மெமரி 12 ஜிபி. நான்கைந்து வருடம் ஓட வேண்டிய கார்டில் 16 ஜிபி இல்லாமல் வாங்க எனக்கு மனசு வரவில்லை. 5070 டிஐ-யில் 16 ஜிபி உண்டு, விலையும் அப்போது 15,000 கூட. பிளெண்டர் 3டி சாஃப்ட்வேரில் வேலை செய்கிறவர்கள், ஒளியையும் நிழலையும் நிஜம்போலக் காட்டும் ரே டிரேசிங் எல்லாவற்றிலும் வேண்டும் என்கிறவர்கள் அந்தக் கூடுதல் பணத்தைக் கொடுத்துவிடுங்கள். எங்களுக்குத் தேவைப்படவில்லை.

எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் நான் பேரம் பேசுவதில்லை. 2016-இல் முதல் பிசி வாங்கியபோது ஒரு கடையில் கேபினட்டோடு எஸ்எம்பிஎஸ் சேர்த்து காம்போ என்று கொடுத்தார்கள். பெட்டியில் 500 வாட் என்று போட்டிருந்தது. டிசம்பர் 12 வர்தா புயல். எங்கள் தெருவில் நான்கு நாள் கரண்ட் இல்லை. ஐந்தாம் நாள் சாயங்காலம் வந்தது, போனது, மறுபடி வந்தது. நான் ஆன் செய்தேன். 'டப்' என்று ஒரு சத்தம், அப்புறம் கருகின மீன் மாதிரி ஒரு வாடை. எஸ்எம்பிஎஸ் போனதோடு போர்டையும், வாங்கி இரண்டு மாதமே ஆகியிருந்த ஜிடிஎக்ஸ் 1060 கார்டையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. எரிந்த தடம் இருப்பதால் வாரண்டி கிடையாது என்று கார்டைத் திருப்பித் தந்தார்கள். இரண்டாயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் முப்பதாயிரம் போனது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் சேர்த்த பணம் அது.

9070 எக்ஸ்டி 304 வாட் இழுக்கும், 750 வாட் எஸ்எம்பிஎஸ் வைக்கச் சொல்கிறது அதைத் தயாரிக்கும் ஏஎம்டி. நாங்கள் கரண்டைக் குறைவாக வீணாக்கும் கோல்டு தரத்தில் 850 வாட் வாங்கினோம், 9,500. வாட்டை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். அந்த வாட்டை எத்தனை டிகிரி வரைக்கும் தரும் என்பதையும் பாருங்கள். சிலது 40 டிகிரிக்குக் கணக்குப் போட்டது, சிலது 50. அறையே 36 இருக்கும்போது கேபினட் உள்ளே 40 என்பது சர்வசாதாரணம். சென்னையில் இருக்கிறவர்கள் 50 போட்டிருப்பதைத் தேடி வாங்குங்கள். வாரண்டி எத்தனை வருடம் என்பதையும் பாருங்கள். ஏழு, பத்து வருடம் தருகிற கம்பெனி தன் பொருளை நம்புகிறது என்று அர்த்தம்.

லிக்விட் கூலரை விடத்தான் அவனுக்கு மனசே இல்லை. நான் சொன்ன கணக்கு இதுதான்: ஏர் கூலரோ லிக்விட் கூலரோ, எதுவும் அறையைவிடக் குளிர்ந்த காற்றைத் தராது. எவ்வளவு சூட்டைக் குளிர்விக்க வேண்டும் என்பதற்கு ஏஎம்டி சொல்லும் கணக்கான டிடிபி, 7600-க்கு 65 வாட். அதற்கு 3,600 ரூபாய்க்கு இரட்டை டவர் ஏர் கூலரே அதிகம். பம்ப் பழுதாகும் பயமும் இல்லை. கேபினட் முன்பக்கம் முழுக்க வலை போட்டது, 5,800. கண்ணாடி முகப்பு வைத்தது பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் உள்ளே போகும் காற்றுக்கு வழி வேண்டுமே.

எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு ஒரு வியாழக்கிழமை காலை போனோம். அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி நடந்தால் கொஞ்ச தூரம். நான்கு கடையில் கொட்டேஷன் வாங்கினோம். மொத்தத் தொகையைப் பார்க்காமல் ஒவ்வொரு பாகத்தின் விலையாகப் பார்த்தால்தான் எங்கே ஏற்றியிருக்கிறார்கள் என்று தெரியும். ஒரு கடையில் கார்டு விலை குறைவு, ரேமில் 1,500 கூட. "பில் இல்லாம போட்டுக்கலாமா?" என்று ஒருவர் கேட்டார். வேண்டவே வேண்டாம். 18 சதவீத ஜிஎஸ்டி வலிக்கத்தான் செய்யும், ஆனால் மூன்று வருட வாரண்டிக்கு உங்கள் கையில் இருக்கும் ஆதாரம் அந்தக் காகிதம்தான். ரேம் 32 ஜிபி 9,500, 2 டிபி ஜென்4 எஸ்எஸ்டி 12,500. மானிட்டர் தவிர எல்லாம் சேர்த்து 1,41,900.

அன்று ராத்திரி கூடத்துத் தரையில் பழைய பெட்ஷீட் விரித்து அவனையே மாட்டச் சொன்னேன். ரேம் இரண்டையும் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் அழுத்தினான். 'டக்' என்று லாக் விழும்வரை அவன் கட்டைவிரல் வெளுத்துப் போயிருந்தது. பவர் பட்டனை அமுக்கினோம். ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். "மாமா, போச்சா?" என்று கேட்டவன் முகத்தில் ரத்தமே இல்லை. டிடிஆர்5 ரேமை முதல் தடவை போர்டு பழகிக்கொள்ளச் சில நிமிடம் ஆகும், அணைத்துவிடாதே என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கும் வர்தா ஞாபகம்தான். நான்காவது நிமிடம் திரை வந்தது.

பயாஸில் ரேம் வேகம் 4800 என்று காட்டியது. நாங்கள் காசு கொடுத்தது 6000-க்கு. எக்ஸ்போ என்று ஒரு ஆப்ஷன், அதை ஆன் செய்தால்தான் 6000 வரும். பல வீடுகளில் அது வருடக்கணக்கில் ஆஃபிலேயே கிடக்கிறது. இதைப் படித்து முடித்ததும் உங்கள் பிசியில் ஒரு தடவை பாருங்கள்.

கார்டின் பவர் லிமிட்டை 10 சதவீதம் குறைத்து வைத்திருக்கிறோம். ஆடும்போது வித்தியாசம் தெரியவில்லை, ஃபேன் சத்தம் நன்றாகவே அடங்கிவிட்டது. பிசி இழுக்கும் கரண்ட் முழுக்கக் கடைசியில் அறைக்குள் சூடாகத்தான் இறங்கும். 450 வாட்டில் தினம் மூன்று மணி நேரம் என்றால் இரண்டு மாத பில்லில் 81 யூனிட். ஏசியோடு சேர்ந்து மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும். அக்கா அதில் கண்ணாக இருக்கிறாள்.

2025 கடைசியில் டிடிஆர்5 ரேம் விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. 16 ஜிபி போதும், அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம் என்று மே மாதம் நான் சொன்னபோது, 32 வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவன் அவன்தான். அந்த ஒரு விஷயத்தில் அவன் சொன்னதுதான் சரி. 7600 வந்த பெட்டியைப் பரணில் பத்திரமாக வைத்திருக்கிறான், எக்ஸ்3டி வாங்கும் நாளில் பழையதை விற்க.