படகின் அடியிலிருந்து மலைக்கு

ஜனவரி 9, 2025, வியாழன். வத்தலக்குண்டு

நேற்று மாலை வரை சென்னைத் துறைமுகத்தில் நீரில் மூழ்கி, பாய்மரப் படகுகளின் அடிப்பாகத்தைச் சுரண்டும் வேலை. இரவுப் பேருந்தில் வந்து இங்கேயே நண்பன் வீட்டில் தங்கிவிட்டேன். “கொடைக்கானல் பஸ் கண்முன்னே நிற்கிறது, ஏறி வர என்னடா?” என்று அம்மா போனில் கோபித்துக்கொண்டார்.

சிலிண்டர் காற்றைச் சுவாசித்தபடி நீருக்கடியில் இருக்கும்போது நைட்ரஜன் ரத்தத்திலும் திசுக்களிலும் கரைகிறது. வெளியேற நேரம் பிடிக்கும். அதற்குள் 2,100 மீட்டர் உயரத்துக்கு ஏறினால், அங்கே காற்றழுத்தம் குறைவு என்பதால், கரைந்தது குமிழியாகிவிடலாம். மூட்டுவலியோடு போனாலும் போகும், கைகால் முடங்கினாலும் முடங்கும். 600 மீட்டருக்கு மேல் ஏறுவதும் விமானத்தில் பறப்பதும் இந்தக் கணக்கில் ஒன்றுதான். தொடர்ந்து பல நாள் நீரில் இறங்கியவர் குறைந்தது 18 மணி நேரம் பொறுக்க வேண்டும். படகின் அடி இரண்டு மூன்று மீட்டர்தான். ஆனால் நங்கூரச் சங்கிலியைப் பார்க்க இன்னும் கீழே போயிருந்தோம். அதனால் ஒரு முழு நாள்.

ஜனவரி 10, வெள்ளி. கொடைக்கானல்

பெருமாள்மலையில் கடும் மூடுபனி. வீடு வந்து சேர்ந்தேன். அம்மாவின் கோபம் இரண்டாவது காபியில் தீர்ந்தது.

ஜனவரி 11, சனி

அக்கா மகனை ஏரிக்கரைக்கு அழைத்துப்போனேன். பழுதுபார்க்க ஒரு படகைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். அடியில் வழவழவென்று பச்சைப்பாசி. கட்டைவிரலால் இழுத்தால் பலகை தெரிந்தது. “இவ்வளவுதானா மாமா?” என்றான். நன்னீர் என்பதால் இவ்வளவு. கடலில் கொட்டலசு என்ற சிறு உயிரி சுண்ணாம்புக் கூடு கட்டி ஒட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக் சுரண்டியைச் சாய்த்துப் பிடித்து அடியில் நெம்ப வேண்டும். கூடு போன இடத்தில் வெள்ளை வட்டம் மிஞ்சும். அதையும் எடுக்கிறேன் என்று இரும்புத் தகடு போட்டால் செம்பு கலந்த பூச்சும் உரிந்துவிடும். பூச்சு போன இடத்தில்தான் அடுத்த கூட்டம் குடியேறும். கையுறை இல்லாமல் தொடவே கூடாது. அந்த ஓடு கிழித்த காயம் லேசில் ஆறாது, சீழ் வைக்கும்.

சிலிண்டர் எதற்கு, மூச்சடக்கியே முடித்துவிடுவேன் என்கிறான். வேகவேகமாக மூச்சு வாங்கிவிட்டு மூழ்கினால் மூச்சுமுட்டும் உணர்வே வராமல் நினைவு தப்பும். மேலே ஆள் இல்லாவிட்டால் அவ்வளவுதான். இதைச் சொல்லும்போது என் குரல் உயர்ந்துவிட்டது. உயரட்டும்.

ஜனவரி 13, திங்கள். போகி

மீண்டும் அதே பேச்சு. சிலிண்டர் காற்றை உள்ளே வைத்துக்கொண்டு மூச்சடக்கி மேலே வந்தால், ஒன்றரை மீட்டர் ஆழத்திலிருந்துகூட நுரையீரல் கிழியலாம். ஆழம் இல்லை என்று அலட்சியம் காட்டும் இடத்தில்தான் இந்த வேலை ஆளைக் கொல்கிறது. எஞ்சினை அணைத்துச் சாவியை மேலே நிற்பவர் கையில் கொடுத்த பிறகே புரொப்பெல்லர் பக்கம் போவேன். அலையில் படகு ஏறி இறங்கும்; தலையை அடியில் கொடுக்காமல் கை நீளத்துக்குத் தள்ளி நின்று சுரண்ட வேண்டும்.

மே மாதம் சென்னைக்கு வரட்டும் என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன். முக்குளிப்புப் பயிற்சி முடிக்கும் வரை அவன் நீரில் இறங்க மாட்டான். படகின் மேல் நின்று என் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, குமிழி வருகிறதா என்று பார்ப்பான்.