மேய்ப்பனைத் தேடும் தம்பி தங்கைகளுக்கு

பிரிக்பீல்ட்ஸ் வேதபாட வகுப்புப் பிள்ளைகளே, கைப்பேசியில் வசனம் தேடும்போது முழுச் சொல்லையும் அடிக்காதீர்கள். பழைய திருப்புதல் என்னும் பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பில் ‘மேய்ப்பன்’ என்று தேடினால் யோவான் 10:11 வரும், சங்கீதம் 23:1 வராது. அங்கே இருப்பது ‘மேய்ப்பராயிருக்கிறார்’. தமிழில் சொல்லின் வால் மாறிக்கொண்டே இருக்கும். செயலியோ எழுத்துக்கு எழுத்து பார்க்கும். சொல்லின் பகுதியையும் தேடும் வசதியைத் தேர்ந்தெடுத்து ‘மேய்ப்ப’ என்று மட்டும் அடியுங்கள். தாவீதின் பாட்டான அந்த 23-ஆம் சங்கீதம், எசேக்கியேல் 34, 1 பேதுரு 5:4 எல்லாம் வந்துவிடும்.

எசேக்கியேலை மட்டும் அவசரப்படாமல் முழு அதிகாரமும் வாசியுங்கள். மந்தையை விட்டுவிட்டுத் தங்களையே மேய்த்துக்கொண்டவர்களைக் கர்த்தர் கண்டிக்கிற இடம் அது. அதை வாசித்த கையோடு, ‘நானே நல்ல மேய்ப்பன்’ என்று இயேசு சொல்லும் யோவான் 10-க்குப் போனால் எனக்குக் கண் கலங்கிவிடும்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வாருங்கள், கணினியில் தேடவும் காட்டித் தருகிறேன்.