நீராவி எஞ்சின் ஜிக்சா: மேசைக் குறிப்புகள்

பிப்ரவரி 4
பிரிட்டனின் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே 1924 முதல் 1939 வரை சாட் வேலி நிறுவனத்திடம் செய்து வாங்கி விற்ற மர ஜிக்சாக்களில் (துண்டுகளைப் பொருத்திப் படமாக்கும் புதிர்) ஒன்று: கேர்ஃபில்லி காசில் எஞ்சின். விற்பவர் ‘முழுசா இருக்கு’ என்றால், எண்ணிப் பார்த்தார் என்பதற்கு மேல் பொருள் கொள்ளக்கூடாது. எண்ணிக்கை சரியாக இருந்தும் வேறு பெட்டியின் துண்டு கலந்திருக்கலாம். அடுக்கியபின் எடுத்த படம் கேட்க வேண்டும், பின்புறமும் சேர்த்து. மர ரேகை துண்டுக்குத் துண்டு தொடர்ந்து ஓடும். அந்நியத் துண்டு அங்கேதான் மாட்டும்.

பிப்ரவரி 6
தூசிக்கு மென்தூரிகை போதும். ஈரத்துணி வேண்டவே வேண்டாம்: பசை இளகி, மேலே ஒட்டிய படக் காகிதம் உரியும், பிளைவுட் அடுக்கு பிரியும்.

பிப்ரவரி 7
நான்கு துண்டுகளில் உளுத் துளைகள். புதிதாக மாவு உதிர்ந்தால் புழு உயிரோடு இருக்கிறது. எல்லாவற்றையும் பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றி மூடி, மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம். எடுத்ததும் பையைத் திறக்கக்கூடாது. ஒரு நாள் அப்படியே கிடக்கட்டும். குளிர்ந்த மரத்தில் நீர் கோத்துக்கொண்டால் செய்த வேலை பாழ்.

பிப்ரவரி 22
புகைபோக்கியை ஒட்டி ஒரு துண்டு இல்லை. கையால் அறுத்தவை என்பதால் அதே படத்தின் இன்னொரு பிரதியிலிருந்து எடுத்தாலும் பெரும்பாலும் பொருந்தாது. சுற்றியுள்ள துண்டுகளை இறுகப் பொருத்தி, அடியில் காகிதம் வைத்து, கூரிய பென்சிலால் குழியின் விளிம்பை வரைய வேண்டும். பிளைவுட்டின் தடிமன் மூலத்தோடு ஒத்திருக்க வேண்டும். மேலே ஒட்டப்போகும் படக் காகிதத்தின் கனத்தையும் கணக்கில் சேர்க்காவிட்டால் துண்டு மேடாக நிற்கும். மெல்லிய ஃப்ரெட் சா (நுண்வேலை வாள்) பிளேடால் கோட்டுக்கு வெளியே அறுத்து, உப்புத்தாளால் கோடுவரை தேய்ப்பதே வழி. கோட்டின் மேலேயே அறுத்தால் பிளேடு தின்னும் அகலத்துக்குத் துண்டு தளர்ந்துவிடும். துண்டின் ஓரத்தில் நீட்டிநிற்கும் குமிழின் கழுத்தில் அவசரப்பட்டால் மேலடுக்கு பிய்ந்துவிடும்.

பிப்ரவரி 23
புதுத் துண்டின் மேல் காகிதத்தை ஒட்ட கோதுமை ஸ்டார்ச் பசை, பின்னாளில் பிரிக்கலாம். மைதாப் பசை பூச்சியை வரவழைக்கும். நீர்வண்ணம் காய்ந்தபின் வெளிறும், ஆகவே ஓரத்தாளில் பூசி உலரவிட்டு ஒப்பிட வேண்டும். எஞ்சினின் கறுப்புக்கு வெறும் கறுப்பு பொருந்தாது, பழைய அச்சு பழுப்பேறியிருக்கும். துளி பழுப்பு சேர்த்தால் சரியாகிறது. பின்புறத்தில் பென்சிலால் ‘மாற்று’ என்றும் ஆண்டும் எழுதியாயிற்று. இந்தக் குறிப்பில்லாமல் அடுத்தவரிடம் விற்பது ஏமாற்றுதான். வார்னிஷ் பூசவில்லை: நாளடைவில் மஞ்சளாகும், துண்டுகளும் ஒட்டிக்கொள்ளும்.