மிச்சிகன்ல பிக்கப் எடுக்க காவேரிப்பட்டணத்துல போட்ட கணக்கு

"வருஷத்துக்கு எத்தன லோடு அடிப்ப?"

அப்பா அனுப்பின வாய்ஸ் மெசேஜ்ல இருந்தது இவ்ளோதான். 2024 ஏப்ரல் கடைசி, நான் மிச்சிகன்ல இருந்து ரெண்டு வண்டி போட்டோ அனுப்பியிருந்தேன், ஒன்னு ஃபோர்டு எஃப்-150, இன்னொன்னு நிசான் ஃப்ரான்டியர், ரெண்டுமே பழைய வண்டி, விலையும் கிட்டத்தட்ட ஒன்னுதான், எதுப்பா எடுக்கறதுன்னு கேட்டிருந்தேன். அப்பா எடை மேடைல நின்னுட்டு பேசியிருக்கார் போல, பின்னாடி லாரி ஹார்ன் சத்தம். கலர், மாடல் எதுவும் கேக்கல.

எனக்கு பதில் தெரியல. ரெண்டு மாசமா இன்ஜின், டயரு, கேமரான்னு எல்லாம் படிச்சு வச்சிருந்தேன், இத மட்டும் யோசிக்கவே இல்ல.

எங்களுக்கு காவேரிப்பட்டணம் பக்கத்துல ஒரு கிராமம். அப்பாகிட்ட டாடா ஏஸ் இருக்கு, நம்ம குட்டி யானை. மாங்கா சீசன்ல பெங்களூரா ரக மாங்கா லோடு ஏத்தி ஜூஸ் ஃபேக்டரிக்கு ஓட்டுவார், சீசன் இல்லாதப்ப ராயக்கோட்டை தக்காளி, சிமெண்ட்டு, வீடு மாத்தறவங்க சாமான், கல்யாண வீட்டு பாத்திரம், எது வந்தாலும் எடுப்பார். என் படிப்பு செலவுல பாதி அந்த வண்டி பொறட்டினதுதான். நான் ஓசூர்ல ஒரு ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனில வேலை பாத்துட்டு 2017ல டெட்ராய்ட் பக்கம் வந்தேன். முதல் அஞ்சு வருஷம் அபார்ட்மெண்ட்டு, ஒரு பழைய செடான், அது போதுமா இருந்துச்சு.

2022ல ஊருக்கு கொஞ்சம் வெளிய ஒரு ஏக்கர் இடத்தோட வீடு எடுத்தோம், அப்பதான் வண்டி பத்தல. எங்க வீட்டுல அவங்க பாலக்கோடு பக்கம், மண்ணப் பாத்தா சும்மா இருக்க மாட்டாங்க, நானும் அப்படித்தான். இங்க மே பாதி வரைக்கும் உறைபனி விழும், அதுக்கப்புறம் செப்டம்பர் வரைக்கும் நாலு மாசம்தான் வெள்ளாமை, அதுக்குள்ள கத்திரி, அவரை, மொளகா, தக்காளி எல்லாம் எடுத்தாகணும்னா மண்ணுக்கு நல்லா எரு போடணும். மூட்டை கம்போஸ்ட்ட செடான் டிக்கில ஏழெட்டா போட்டு கொண்டு வந்தா வண்டி பின்னாடி உக்காந்துடும், வீடு பூரா ஈர மண்ணு வாசனை, புள்ளைங்க சீட்டுக்கு அடியில எரு. அப்புறம் குளிருக்கு வெறகு அடுப்பு, தமிழ்ப் பள்ளி பொங்கல் விழாவுக்கு மேஜை நாற்காலி, இப்படி ஒன்னு ஒன்னா வந்துச்சு.

இங்க யார கேட்டாலும் ஃபுல் சைஸ், அதாவது எஃப்-150 மாதிரி பெரிய பிக்கப் எடுன்னுதான் சொல்வாங்க. நான் இருக்கறது அந்த வண்டி பொறந்த ஊரு. எஃப்-150 டியர்பார்ன்ல செய்யறாங்க, ஃப்ரான்டியர் மாதிரி அதுக்கு அடுத்த சைஸ், மிட்சைஸ்னு சொல்ற ஃபோர்டு ரேஞ்சர் வேய்ன்ல, ரெண்டும் என் வீட்டுல இருந்து கார்ல போற தூரம்தான். ஃபோர்டு எஃப் சீரீஸ் 1977ல இருந்து அமெரிக்காவுல அதிகமா விக்கற டிரக்கு. என்கூட வேலை பாக்கறவங்க அப்பா, தாத்தா எல்லாம் அந்த பிளான்ட்ல வேலை பாத்தவங்க, பார்க்கிங் லாட்ல வரிசையா அந்த வண்டிதான் நிக்கும். ஏழு வருஷம் இந்த ஊர்ல இருந்துட்டு நானும் அந்த வரிசைல ஒரு வண்டி நிறுத்தணும்னு ஆசை இருந்துச்சு, அத மறைக்க வேண்டிய அவசியம் இல்ல. வெளியூர்ல வந்து குடியேறினவனுக்கு அந்த ஆசை எவ்ளோ பெருசுன்னு அனுபவிச்சவங்களுக்கு தெரியும்.

குட்டி யானை மாதிரி சின்ன வண்டி ஏன் இங்க இல்லன்னு நெறைய பேரு கேக்கறாங்க. அதுக்கு கோழியும் ஒரு காரணம். 1960கள்ல அமெரிக்க கோழிக்கறிக்கு மேற்கு ஜெர்மனி, பிரான்ஸ் பக்கம் வரிய ஏத்தினாங்க, பதிலுக்கு அமெரிக்கா வெளிநாட்டு டிரக்குக்கு 25 சதவீதம் வரி போட்டுச்சு, அது 1964ல அமலுக்கு வந்துச்சு. கோழி சண்டை எப்பவோ முடிஞ்சுது, டிரக்கு வரி மட்டும் அப்படியே நெலச்சு போச்சு. நம்மூர்ல ஷோரூம்ல கெடைக்கற டொயோட்டா ஹைலக்ஸ் கூட இங்க புதுசா வாங்க முடியாது. இங்க மிட்சைஸ்னு சொல்றதே 210 இன்ச் நீளம், கிட்டத்தட்ட பதினேழரை அடி.

சரி, அசல் விஷயத்துக்கு வரேன், பிக்கப் பாக்கறவங்க தயவுசெஞ்சு இத மட்டும் செய்யுங்க. டிரைவர் டோர தொறந்தா பக்கத்து தூண்ல டயர் பிரஷர் போட்ட ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதுல ஆளுங்களும் சாமானும் சேந்து இவ்ளோ பவுண்டுக்கு மேல போகக் கூடாதுன்னு எழுதியிருக்கும். விளம்பரத்துல போடற நம்பர் அந்த மாடல்லயே நல்லா தூக்கற ஒரு வண்டியோடது, ஸ்டிக்கர்ல இருக்கறது உங்க முன்னாடி நிக்கற வண்டியோடது. சன்ரூஃப், பெரிய சக்கரம், ஃபோர் வீல் டிரைவ்னு சேக்க சேக்க தூக்கற பாரம் கொறையும். நான் பாத்த ஃப்ரான்டியர்ல 1,240 பவுண்டு, அதாவது 560 கிலோ சொச்சம், எஃப்-150ல 1,600, அதாவது 725 கிலோ. குட்டி யானை 750 கிலோ ஏத்தற வண்டி! அப்பாவோட அந்த தக்கனூண்டு ரெண்டு சிலிண்டர் இன்ஜின் வண்டி, கணக்குப்படி, 310 குதிரைசக்தி ஃப்ரான்டியர விட அதிகமா தூக்குது, ஆறடி ஓசரத்துக்கு நிக்கற எஃப்-150யவே தொட்டுடுது. இத அப்பாகிட்ட சொன்னப்ப அவர் ரொம்ப நேரம் ஒன்னும் பேசல, அப்புறம் வண்டிய போய் ஒரு தடவ பாத்துட்டு வந்தார்.

டிரெய்லர் இழுக்கறதும் இதே கணக்குலதான் வரும். டிரெய்லர் எடைல பத்துல இருந்து பதினஞ்சு சதவீதம் கொக்கி மேல உக்காரும், அது ஸ்டிக்கர்ல இருக்கற பாரத்துல கழியும். ஒரு பழைய வண்டி டீலர் "இது எதை வேணாலும் இழுக்கும்"னு சொன்னார், நான் கதவத் தொறந்து ஸ்டிக்கர படிச்சேன், அவர் அதுக்கு மேல பேசல. ஒரு கியூபிக் யார்டு, அதாவது நீளம் அகலம் ஓசரம் மூணு மூணு அடி, ஈர கம்போஸ்ட்டே ஆயிரம் பவுண்டு தாண்டும், மேல்மண்ணுன்னா ரெண்டாயிரம் வரும், ரெண்டாயிரத்த இந்த ரெண்டு வண்டியுமே தூக்கக் கூடாது.

மைலேஜ்ல மிட்சைஸ் மிச்சம் பண்ணும்னு நெனச்சா அதுவும் இல்ல. அமெரிக்க அரசோட சுற்றுச்சூழல் அமைப்பு இபிஏ கணக்குல ஃப்ரான்டியர் ஃபோர் வீல் டிரைவ் கேலனுக்கு 19 மைல், எஃப்-150ல சின்ன 2.7 லிட்டர் டர்போ இன்ஜின் எடுத்தா 21. பெரிய வண்டிதான் மேல! இன்னும் இருக்கு, எஃப்-150 தொட்டில ரெண்டு வீல் ஆர்ச்சுக்கு நடுவுல 50 இன்ச், நாலுக்கு எட்டு பிளைவுட் சப்பையா படுக்கும், ஃப்ரான்டியர்ல 44 சொச்சம்தான், பலகை கொடுத்து மேல தூக்கி வச்சுதான் கட்டணும். பாடி 2015ல இருந்து அலுமினியம், இங்க பனிக்கு ரோட்ல கொட்டற உப்புல துரு ஏறாது, ஆனா அடியில ஃப்ரேம் இரும்புதான், அதுக்கு வருஷா வருஷம் எண்ணெய் அடிக்கணும். பின் சீட்டு வீடு மாதிரி. பேப்பர்ல பாத்தா முடிவு ஆயிடுச்சு.

ஆனா எங்க கராஜ் உள்ள 20 அடி, 240 இன்ச். எஃப்-150 நாலு கதவு வண்டி 231.7 இன்ச். முன்னாடி பின்னாடி சேத்து எட்டு இன்ச்தான் மிச்சம், ஓரத்துல இருக்கற ஃப்ரீசர தூக்கணும், ஷெல்ஃப தூக்கணும். வெளிய நிறுத்தினா ஜனவரில தெனம் காலைல பனி சுரண்டணும், அதுவும் எங்க வீட்டுல அவங்க நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்து திரும்ப புள்ளைய ஸ்கூல்ல விடற அவசரத்துல. டெஸ்ட் டிரைவ்ல அவங்க ஆஸ்பத்திரி பார்க்கிங் ராம்ப்ல எஃப்-150ய ஏத்திட்டு மூணாவது மாடில ஒரு எடத்துல நொழைக்க நாலு தடவ முன்ன பின்ன போனாங்க, இறங்கி, "ஏங்க, என்னால ஓட்ட முடியும், ஆனா தெனம் ஓட்ட ஆசை இல்ல"ன்னாங்க. அந்த வார்த்தைய நான் லேசா எடுத்துக்கல.

மே கடைசில ஊருக்கு போனோம். மாங்கா உச்சத்துல இருந்துச்சு, கிருஷ்ணகிரி ரோடு பூரா டிராக்டரும் பிக்கப்பும். நான் அப்பாகூட ஏஸ்ல உக்காந்து ஜூஸ் ஃபேக்டரி வாசல்ல வரிசைல நின்னேன், முன்னாடி நாப்பது வண்டி, வெயிலு, கேபின்ல மாங்கா வாசனை. அந்த மூணு மணி நேரத்துல அப்பா திரும்ப அதே கேள்விய கேட்டார். இந்த தடவ எங்ககிட்ட பதில் இருந்துச்சு, நானும் அவங்களும் போன வருஷ ரசீது எல்லாம் தேடி லிஸ்ட் போட்டிருந்தோம்: கம்போஸ்ட், வெறகு, பலகை, ஒரு ஃப்ரிட்ஜ், பள்ளி விழா, மொத்தம் 19 லோடு. அதுல ஆயிரம் பவுண்டு தாண்டினது நாலு.

அப்பா வண்டில ஒரு நோட்டு வச்சிருப்பார், ஒவ்வொரு லோடும் எழுதுவார். அந்த நோட்டோட பின் பக்கத்துல 19ன்னு எழுதி, அடியில 4ன்னு எழுதினார். "மீதி நாளு?"

"வேலைக்கு, ஸ்கூலுக்கு, கடைக்குப்பா."

"அப்ப அந்த மீதி நாளுக்கு வண்டி எடு. மருமகளுக்கு ஓட்ட வாகா இருக்கணும். அந்த நாலு லோடுக்கு வாடக வண்டிய கூப்புடு. எல்லாரும் சொந்தமா பெரிய வண்டி வாங்கிட்டா நாங்க எதுக்கு இருக்கோம்?"

நான் அவர திரும்பிப் பாத்தேன். பதினஞ்சு வருஷமா அவர் ஓட்டினது முழுக்க யாரோ ஒருத்தரோட அந்த நாலு லோடு. இது எனக்கு அன்னிக்கு வரைக்கும் தோணவே இல்ல.

இன்னொன்னும் சொன்னார். ஒரு காலத்துல சேலம் மார்க்கெட்டுக்கு போறப்ப ஒன்னே கால் டன் வரைக்கும் ஏத்துவாராம், ஒரு தடவ தொப்பூர் எறக்கத்துல பிரேக்கு மெதிச்சு மெதிச்சு தீஞ்ச நாத்தம் வந்து, வண்டிய ஓரம் கட்டி ஒரு மணி நேரம் உக்காந்திருந்தாராம், அம்மாகிட்ட இன்னி வரைக்கும் சொன்னதில்லயாம். "ஏத்தறது பெருசில்ல கண்ணு, எறக்கத்துல நிக்கணும்." அந்த ஸ்டிக்கர் நம்பர நான் மதிக்கறதுக்கு காரணம் அந்த ஒரு மணி நேரம்தான்.

திரும்பி வந்து செப்டம்பர்ல 2022 மாடல் ஃப்ரான்டியர் எடுத்தோம். கராஜ்ல முன்னாடி ஆளு நடந்து போற அளவு எடம் இருக்கு. அவங்க தெனம் ஓட்டறாங்க. குளிருக்கு முன்னாடி கடைல ட்யூப் ட்யூபா மணல் மூட்டை விக்கும், 60 பவுண்டு, அதுல நாலு வாங்கி பின் ஆக்சில் மேல வர்ற மாதிரி தொட்டில கட்டி வச்சோம், ஏன்னா காலி பிக்கப்புக்கு பின்னாடி கனம் கெடையாது, பனில வால் வீசும். அந்த 240 பவுண்டையும் நான் ஸ்டிக்கர்ல கழிச்சுக்கறேன்.

பெரிய கம்போஸ்ட் லோடுக்கு இப்ப டம்ப் டிரக்கு வச்சிருக்கற ஒருத்தர கூப்பிடறோம். இந்த ஊர்க்காரர், அறுபது வயசு இருக்கும், ஒரே ஆளு, சொந்த வண்டி. மொத தடவ வந்து கொட்டிட்டு கெளம்பினவர நிறுத்தி அவங்க டீ போட்டு குடுத்தாங்க, டாஷ்போர்டுல அவரும் ஒரு நோட்டு வச்சிருந்தார், எங்க பேர எழுதிக்கிட்டார்.

நவம்பர்ல ஓக் வெறகு ஒரு ஃபேஸ் கார்டு, அதாவது எட்டடி நீளம் நாலடி ஓசரத்துக்கு அடுக்கின ஒரு வரிசை எடுத்தோம், அதுவே ஆயிரம் பவுண்டு தாண்டும்ங்கறதால பாதி பாதியா ரெண்டு நடை அடிச்சேன். ரெண்டாவது நடை வந்து நின்னதும் அப்பாக்கு வீடியோ கால் போட்டேன், அங்க ராத்திரி பத்து மணி, சாப்பிட்டு வாசல்ல உக்காந்திருந்தார். வண்டிய சுத்தி காட்டுன்னார், காட்டினேன். பின் சக்கரத்துக்கிட்ட வந்ததும் நிறுத்தச் சொன்னார்.

"காத்து பாத்தியா? பக்கவாட்டுல பொத பொதன்னு இருக்கு பாரு."

குளிரு பத்து டிகிரி ஃபாரன்ஹீட் எறங்கினா ஒரு பவுண்டு காத்து கொறையும்னு இங்க எல்லாரும் சொல்வாங்க, நான்தான் செப்டம்பருக்கு அப்புறம் பாக்கல. கேஜ் வச்சேன். ஸ்டிக்கர்ல போட்டதுக்கு அஞ்சு பவுண்டு கம்மி. அவர் லைன்லயே இருந்தார், நான் பம்ப்ப எடுத்துட்டு வந்து நாலு சக்கரத்துக்கும் அடிச்சு முடிக்கற வரைக்கும்.