ஆரையைக் கேட்ட ஆசிரியர்

எங்கள் பௌதிகவியல் ஆசிரியர் இவ்வாண்டு காலமானார். எங்கள் கல்லூரியின் இம்மலரை வாசிப்பவர்களுக்கு அவருடைய பெயரை எழுதிக் காட்டவேண்டியதில்லை. இரண்டாம் மணிக்குப் பின்னர் மேல்மாடி ஆய்வுகூடப் படிகளில் அவசரமாக ஏறியவர்கள் எல்லோரும் அவரை அறிவார்கள். அவரைப் பற்றி எழுதுமாறு மலர்க்குழு கேட்டபோது, என் தொழிலைச் சொல்லாமல் அவரைச் சொல்ல இயலாது என்று தோன்றியது. குளிர்ந்த சிறு விண்மீன்களை மிக நெருங்கிச் சுற்றிவரும் சிறிய கோள்களை ஆராய்வது என் தொழில்; அதன் அடிப்படைக் கேள்வியை நான் முதலில் கேட்டது அவரிடமிருந்துதான்.

2004 யூன் 8ஆம் திகதி வெள்ளி சூரியனின் முகத்தைக் கடந்தது. சமாதான காலம் என்று நாம் நம்பியிருந்த நாட்கள் அவை. அவர் ஒரு சிறிய தொலைகாட்டியின் வழியே சூரியனின் விம்பத்தை வெள்ளைக் கடதாசியில் விழுத்தினார். சோளகக் காற்றில் கடதாசி பறக்காதபடி நால்வர் மூலைகளைப் பிடித்துக்கொண்டோம். ஏறத்தாழ ஆறு மணிநேரம் நீடித்த அக்கடப்பை அவர் எங்களை வேடிக்கை பார்க்க விடவில்லை, அளக்கச் சொன்னார். சூரியன் 13 சென்ரிமீற்றர், வெள்ளி 4 மில்லிமீற்றர். வெள்ளி எமக்கு அருகில் நிற்பதால் பெரிதாகத் தெரிகிறது என்றும், வெகுதொலைவிலிருந்து பார்ப்பவருக்கு அதன் விட்டம் சூரியனின் விட்டத்தில் 115இல் ஒரு பங்கே என்றும், அவ்வெண்ணை வர்க்கித்தால் சூரிய ஒளியில் ஏறத்தாழ 13,000இல் ஒரு பங்கு மறைவதே அவருக்குப் புலப்படும் என்றும் படிப்படியாக விளக்கினார். பின்பு அவர் சொன்னது இது: "தம்பிமார், நீங்கள் அளந்தது விகிதம் மட்டுந்தான். சூரியன் எவ்வளவு பெரிசெண்டு தெரியாதவனுக்கு வெள்ளி எவ்வளவு பெரிசெண்டும் தெரியாது."

எம் பால்வெளியின் விண்மீன்களில் ஏறத்தாழ முக்கால்வாசி சூரியனை விடச் சிறிய, மங்கிய செங்குறளிகள். மின்சாரமற்ற ஆண்டுகளில் எங்கள் முற்றங்களில் அத்தனை விண்மீன்களைப் பார்த்து வளர்ந்தோம். ஆனால் வெறுங்கண்ணுக்குத் தெரிந்தவற்றில் செங்குறளி ஒன்றுகூட இல்லை. அவற்றின் சிறுமைதான் எமக்குக் கைகொடுக்கிறது. கும்ப ராசித் திசையில் ஏறத்தாழ 40 ஒளியாண்டு தொலைவிலுள்ள ட்ரப்பிஸ்ட்-1 என்னும் செங்குறளி வியாழனை விடச் சற்றே பெரியது. அதன் மேற்பரப்பு வெப்பநிலை ஏறத்தாழ 2,300 பாகை செல்சியஸ். பூமியளவான கோளொன்று அதன் முன்னே கடக்கும்போது ஒளி ஏறத்தாழ 0.7 சதவீதம் குறைகிறது. ஆகவே பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிக்காயேல் ஜிலோனின் குழுவினரால், சிலியின் லா சில்லாவில் நிறுவிய 60 சென்ரிமீற்றர் தொலைகாட்டி ஒன்றைக் கொண்டே அக்கோள்களைக் கண்டுபிடிக்க முடிந்தது. 2016இல் மூன்று கோள்களை அறிவித்த அந்த ஆய்வுக்கு, லடாக்கின் ஹன்லேயில் உள்ள 2 மீற்றர் இமாலயச் சந்திரா தொலைகாட்டியும் உதவியது. அதே ஆண்டின் இறுதிப் பகுதியில் ஸ்பிற்சர் விண்தொலைகாட்டி ஏறத்தாழ மூன்று வாரங்கள் இடைவிடாது பார்த்ததன் பயனாக, 2017 பெப்ரவரியில் கோள்களின் எண்ணிக்கை ஏழாயிற்று. மிக உள்ளே இருப்பது ஒன்றரை நாளில் சுற்றுகிறது, மிக வெளியே இருப்பது 19 நாட்களுக்குள். ஏழு பாதைகளும் புதனின் பாதைக்குள் தாராளமாக அடங்கிவிடும்.

அந்த வாரம் நான் ஊருக்குத் தொலைபேசி எடுத்தேன். உலகமெங்கும் உயிரினங்களைப் பற்றிப் பேச்சு நடந்துகொண்டிருக்க, அவர் கேட்டது ஒன்றே: "தம்பி, அந்த நட்சத்திரத்தின்ரை ஆரையை என்னெண்டு கண்டுபிடிச்சவங்கள்?"

அதைவிடச் சரியான கேள்வி வேறில்லை: விண்மீனின் ஆரை, அதாவது விட்டத்தின் பாதி, தெரியாமல் கோளின் அளவு தெரியாது. கோள் சுற்றும் காலத்தையும், விண்மீனின் முகத்தைக் கடக்க எடுக்கும் நேரத்தையும் சேர்த்துப் பார்த்தால், சுற்றுக்காலத்தையும் தொலைவையும் தொடர்புபடுத்தும் கெப்லரின் மூன்றாம் விதி விண்மீனின் சராசரி அடர்த்தியைத் தருகிறது. பூமி சூரியனைச் சுற்றுகையில் விண்மீன் சற்றே இடம் மாறித் தெரியும் இடமாறு தோற்றத்தால் தொலைவும், அதனூடாக ஒளிர்வும் தெரியவர, ஆரை பிடிபடுகிறது. கோள்களின் திணிவை அவையே சொல்கின்றன. ஒன்றையொன்று ஈர்ப்பதால் கடப்புகள் சற்று முந்தியும் பிந்தியும் நிகழ்கின்றன. அந்த வித்தியாசங்களிலிருந்து பின்னர் 2021இல் பெறப்பட்ட அடர்த்திகள், ஏழும் ஒத்த பாறைக் கோள்கள் என்றும் பூமியை விடச் சற்று அடர்த்தி குறைந்தவை என்றும் காட்டின. ஆரையைக் கண்ட வழியை அன்று நான் அவருக்குச் சொல்லச் சொல்ல, அவர் மறுமுனையில் எழுதிக்கொண்டிருந்தார். மறுவாரம் உயர்தர மாணவருக்கு அதைக் கரும்பலகையில் செய்து காட்டினாராம்.

2023இல் ஜேம்ஸ் வெப் தொலைகாட்டி, மிக உள்ளேயிருக்கும் கோளின் பகற்பக்க வெப்பநிலையை அளந்தது: ஏறத்தாழ 230 பாகை செல்சியஸ். வெப்பத்தை இரவுப் பக்கத்துக்குக் கடத்தும் தடித்த வளிமண்டலம் அதற்கு இருப்பதாகத் தெரியவில்லை. இரண்டாவது கோளுக்கும் தடித்த கரியமிலவாயுப் போர்வை இல்லை. மிதமான வெப்பத்துக்குரிய தொலைவிலுள்ள கோள்களைப் பார்க்கையில் விண்மீனே இடையூறாகிறது. அதன் முகத்துப் புள்ளிகள், நிறங்களாகப் பிரித்த ஒளிப்பட்டையில் விடும் தடங்கள், கோளின் வளிமண்டலத்துக்கு உரியவை போலத் தோன்றுகின்றன. விண்மீனை அறியாமல் கோளை அறிய முடியாது என்று ஆசிரியர் 2004இல் சொன்னதையே இன்று எங்கள் கூட்டங்களில் மணிக்கணக்காக விவாதிக்கிறோம்.

2006இல் யாழ்ப்பாணத்துக்கான ஏ9 நெடும்பாதை மூடப்படுவதற்கு முன்னர் நான் புறப்பட்டுவிட்டேன். அவர் இருந்தார். புறப்பட்டதற்குரிய காரணங்கள் இன்றும் சரியென்றே படுகின்றன. ஆயினும் அவரிடம் கற்ற நாங்கள் எத்தனையோ பேர் வெளிநாட்டு ஆய்வுகூடங்களை நிரப்பியிருக்க, அந்த மேல்மாடி ஆய்வுகூடத்தில் அவருடைய இடத்தில் நிற்பதற்கு எங்களில் ஒருவரும் திரும்பவில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம். இணையவழி வகுப்புகள் எடுக்கிறேன். கடதாசியின் மூலையைப் பிடிக்கும் கைகளுக்கு அது ஈடாகாது.

அடுத்த வெள்ளிக் கடப்பு 2117இல். ஆனால் 2032 நவம்பர் 13, சனிக்கிழமை, புதன் சூரியனைக் கடக்கும். எங்கள் ஊரில் நண்பகலுக்குப் பின் தொடங்கி மாலைக்குள் முடியும். மாரிகாலம், முகில் மறைக்கவும் கூடும். புதன் வெள்ளியை விட மிகச் சிறிதாகத் தெரியுமாதலால் நல்ல தொலைகாட்டி வேண்டும். அதைப் பழைய மாணவர் சங்கம் அவருடைய பெயரில் கல்லூரிக்கு வாங்கிக் கொடுக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அன்று அளவுகோலோடு நானும் அங்கே இருப்பேன்.